போகும்போதுதான் தள்ளாடினார்

கோவிந்தாபுரம்,
கார்த்திகை மாதம், 1974

சிரஞ்சீவி சென்னிமலைக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை நிஜமாகவே பயந்து கும்பிட்டேன். இங்கே உங்கப்பாவும் நானும் இருக்கிறோம், அதற்கு மேலே சௌக்கியம் என்று எழுத மனசு வரவில்லை. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் ஏன் இல்லை என்று கார்டும் போட்டுவிட்டாய். அந்தக் கடிதத்தில் நீ சிரிப்பாக எழுதியிருந்த ஒரு சங்கதியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டாய் என்றும், ரூம் பையன்கள் உலுக்கி எழுப்பியபோது வேர்த்து நனைந்து கிடந்தாய் என்றும், அவர்களை என்னென்னவோ திட்டினாயாம், உனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றும், எங்கேடா போய் ஊற்றிக்கொண்டு வந்தாய் என்று கேலி செய்தார்கள் என்றும், சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் டீ குடித்ததும் சரியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். நீ அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு இருந்து, காலையில் ரத்தம் கொடுத்து, அதில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கடிதமே அதற்குத்தான். மீதியெல்லாம் அதை ஏன் செய்ய வேண்டும் என்று உன் மண்டையில் ஏறுவதற்காக எழுதுவது. அப்பாவைப் பற்றி இனி ஒரு வரி எழுதாதே, எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன் என்று போன வருஷம் எழுதினாய். நானும் மழை பெய்தது, எருமை கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை என்றே எழுதிக்கொண்டு வந்தேன். அதனால் உனக்கு எதுவும் தெரியாது. இப்போது எழுதாமல் முடியாது. திருப்பி அனுப்புவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டு அனுப்பு.

உங்கப்பாவுக்கு ஆவணியில் மெட்ராஸில் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் ஆயிற்று. இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று படுத்திருக்கிறதாம், அதன் வால் பக்கத்தில் ஒரு கட்டி. பெரிய கட்டி என்று நினைக்காதே, நம் மேட்டுக்காட்டில் விளைகிற நிலக்கடலைப் பருப்பு அளவுதான். அது இன்சுலின் என்கிற சத்தை வேளை பார்க்காமல், சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் சுரந்துகொண்டே இருந்திருக்கிறது. அது சுரக்கச் சுரக்க ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை வற்றிப் போகும், சர்க்கரை வற்றினால் மூளைக்குத் தீனி இல்லை, மூளைக்குத் தீனி இல்லாவிட்டால் மனுசன் வேர்ப்பான், நடுங்குவான், கண்டதைப் பேசுவான், அடிப்பான், விழுவான், எழுந்தபிறகு ஒன்றும் தெரியாது. வயிறு காய்கிற நேரத்தில்தான் வரும், பெரும்பாலும் பொழுது விடிகிறபோது. இத்தனை வருஷம் இந்த ஊரும், உன் பெரியப்பா குப்பண்ணனும், நீயும் சேர்ந்து குடி என்று பெயர் வைத்தது இந்தக் கடலைப் பருப்புக்குத்தான்.

குடி என்று சொல்ல இந்தப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் யாருக்கும் யோசனை வேண்டாம். திரும்பின பக்கமெல்லாம் கள்ளு மரம், முக்குக்கு முக்கு ஷாப்பு. ஒரு ஆம்பளை விடியற்காலையில் தென்னந்தோப்புக்குள்ளே தள்ளாடிக்கொண்டு போனால் அவனுக்கு வேறென்ன வியாதி இருக்க முடியும். மரமேறுகிற மாரப்பன் சுண்ணாம்பு தடவி இறக்குகிற தெளுவைத்தான் உங்கப்பா குடித்தார். புளிக்காத வெறும் தெளுவு, உனக்கும் சின்ன வயசில் சொம்பில் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். தூங்கி எழுந்ததும் தலைக்குள்ளே பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, தெளுவு குடித்தால் கலைகிறது என்று அவரே என்னிடம் சொன்னார். அந்தத் தித்திப்பைத்தான் உடம்பு தேடிப் போயிருக்கிறது. நான் ஒன்று கவனித்தேன், கவனித்ததைச் சொன்னேன், எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடிக்கிறவன் போகும்போது நேராகப் போவான், வரும்போது தள்ளாடுவான். உங்கப்பா போகும்போதுதான் தள்ளாடினார், வரும்போது வரப்பு மேலே கோடு போட்ட மாதிரி நடந்து வந்தார். இதை உன் பெரியப்பாவிடம் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது, காலேஜில் படிச்ச புள்ளைக்குக் குடிகாரன் நடை கூடப் பாடமா வெச்சிருந்தாங்களாட்ட இருக்குது என்று சொல்லிச் சிரித்தார், கூட இருந்த பங்காளிகளும் சிரித்தார்கள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சை எழுதினவள் நான். அந்தப் படிப்பு இந்த வீட்டில் எதற்குப் பிரயோசனப்பட்டது என்றால் இப்படிச் சிரிப்பதற்குத்தான்.

அதற்குப் பிறகு பெரியப்பா செய்ததுதான் உனக்குத் தெரியுமே, நீயும் கூடப் போய் நின்றாயே. கருப்பராயன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், பங்காளி அத்தனை பேரையும் கூட்டி, கையில் கயிறு கட்டி, இனிமேல் மரத்தடியை மிதிக்கமாட்டேன், கள்ளோ தெளுவோ நாக்கில் படாது என்று சத்தியம் வாங்கினார். குடி விட்டுப் போக வேண்டுமானால் உடம்பு சுத்தமாக வேண்டும் என்று கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் அமாவாசைக்கும் பச்சைத் தண்ணீர் விரதம் வேறு. உங்கப்பா சொன்ன சொல்லை மீறாத ஆள், அது ஒன்றுதான் அவரைக் கெடுத்தது. அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே சொம்புத் தெளுவையும் பிடுங்கிவிட்டு, பட்டினியும் போட்டார்கள். விரதம் கூடக் கூட விழுவது கூடியது. விழுவது கூடக் கூட, ஒளிஞ்சு குடிக்கறான், இன்னும் கட்டு வேணும் என்று விரதத்தைக் கூட்டினார்கள். விரத நாளில் நான் ஒரு கை சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி எடுத்துப் போனால் உன் பெரியம்மா முத்தாத்தாள் டம்ளரைத் தட்டிவிட்டு, ஏனம்மிணி, புருசன் திருந்தறது உனக்குப் பொறுக்கலையா என்று கேட்பாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், அவர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார், அது தூக்கத்தைத்தான் கூட்டியது.

நீ பிலாய்க்குக் கிளம்பிய நாள் கிருத்திகைக்கு மறுநாள். முந்தின நாள் காலையிலிருந்து அவர் வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது, பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பிவிட்டோம், உன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். பஸ் நிற்கிற இடத்தில் உன் வாத்தியாரும் சிநேகிதர்களும் மாலையோடு நின்றார்கள். அங்கே வைத்து அவர் உன்னை அறைந்தார், என்னைச் சொல்லக்கூடாத சொல்லால் சொன்னார், வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ரோட்டில் நின்றார், எல்லாம் நானும் பார்த்தேன். நீ பஸ்ஸில் ஏறியவன் திரும்பியே பார்க்கவில்லை. போனதும் எழுதினாய், குடிகாரனுக்கு மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவர் நிறுத்தினால் வருகிறேன், இல்லாவிட்டால் நீ மட்டும் என்னை வந்து பார் என்று. நான் உன்னை ஒன்று கேட்கிறேன் கண்ணு, பதில் எழுத வேண்டாம், நீயே நினைத்துப் பார். உன் முகத்துக்கு நேரே நின்றுதானே கத்தினார், அவர் மூச்சு உன் மேலே பட்டதுதானே, அதில் கள்ளு வாசம் அடித்ததா? புளிச்ச வாசம் ஒரு துளியாவது வந்ததா? மோந்து பார்க்கக் கூட உனக்குத் தோன்றவில்லை. பெரியப்பாவுக்கு வயசாகிவிட்டது, அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று விட்டுவிடலாம். உன்னை நான் என்ன சொல்லி விடுவது.

இந்தச் சித்திரையில் உடும்பஞ்சோலையிலிருந்து உன் மாமன் காளிச்சாமி ஏலக்காய் விற்கப் போகிற வழியில் இங்கே வந்து தங்கினான். விடியற்காலையில் உங்கப்பா கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்து மாட்டைப் போலச் சத்தம் போட்டதைப் பார்த்தவன், யாரிடமும் கேட்கவில்லை, யோசனை சொல்லவில்லை, ஏலக்காய் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு எங்களை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். குடிக்கு எங்கே மருந்து இருக்குது, போய் ஆஸ்பத்திரிச் சோறு தின்னுட்டு வாங்க என்று பெரியப்பா வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். அங்கே பெரிய டாக்டர் நான் சொன்னதை எல்லாம் கடைசி வரை கேட்டார், போகும்போது தள்ளாட்டம், வரும்போது இல்லை என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றார். இத்தனை வருஷத்தில் இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்று என்னைக் கேட்ட முதல் ஆள். வேண்டுமென்றே பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள், பக்கத்திலேயே ஊசியோடு ஒரு நர்ஸ். ஒரு பொழுது தாங்கவில்லை. வேர்த்தது, கண் சொருகியது, அந்த நர்ஸையும் என்னையும் பஸ் ஸ்டாண்டில் பேசினாரே அதே சொல்லால் திட்ட ஆரம்பித்தார். ரத்தம் எடுத்துக்கொண்டு, நரம்பில் குளுக்கோஸை ஏற்றினார்கள். ஊசி பாதி உள்ளே போவதற்குள் திட்டிக்கொண்டிருந்த வாய் நின்றது. என்னைப் பார்த்து, எப்போ புள்ளெ வந்தே, சாப்பிட்டியா என்று கேட்டார். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கெட்ட வார்த்தை பாதியில் நின்று, மீதிப் பாதிக்குச் சாப்பிட்டியா என்று வந்தது. நான் வராண்டாவுக்கு ஓடிப்போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

கட்டியை எடுத்தாக வேண்டும் என்று நாள் குறித்தார்கள். மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா ஒருத்தி, என்னைவிடச் சின்ன வயசுதான் இருக்கும், என்னை உட்கார வைத்து விளக்கினாள். வெட்டுவது பெரிய டாக்டரின் வேலை, ஆனால் உங்கள் வீட்டுக்காரர் புத்தியோடு எழுந்திருப்பாரா என்பது சர்க்கரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற என் வேலை என்றாள். முழிச்சிருக்கிறவனுக்குச் சர்க்கரை இறங்கினால் வேர்ப்பான், உளறுவான், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், மயக்கத்தில் படுத்திருக்கிறவன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் படுத்திருப்பான், மூளை பசியில் சாகிறபோது கூடச் சத்தம் வராது. அதனால் அடிக்கடி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் காகிதச் சீட்டில் வைத்து, ஒரு நிமிஷம் விட்டுக் கழுவி, அதில் சர்க்கரைக்குத் தக்கபடி எவ்வளவு நீலம் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கட்டியை விரலால் அமுக்கும்போது அது இருக்கிற சத்தையெல்லாம் பீய்ச்சிவிடும், சர்க்கரை கிணற்றில் விழுந்த மாதிரி விழும். அதற்குப் பயந்து குளுக்கோஸை வாரி ஊற்றவும் கூடாது. ஏனென்றால் கட்டி வெளியே வந்ததும் சர்க்கரை தானாக ஏற வேண்டும், அந்த ஏற்றம்தான் சரியான கட்டியை எடுத்தோம், வேறு கட்டி உள்ளே இல்லை என்பதற்குச் சாட்சி. நாமே ஊற்றி ஏற்றிவிட்டால் சாட்சி போச்சு, ஊற்றாமல் விட்டால் ஆளே போச்சு. எனக்குப் புரிந்தது. லேபில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிற ஒரு சொட்டுக்காகக் காத்திருப்போமே, அது மாதிரி என்றேன். அப்படித்தான், ஆனால் இங்கே குழாயைக் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்க முடியாது என்றாள். முந்தின நாளிலிருந்து கையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டிவிட்டார்கள், வாயில் மட்டும் பச்சைத் தண்ணீர் கூடப் படக்கூடாது, மயக்கத்தில் வாந்தி வந்தால் நெஞ்சுக்குள் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

அன்று காலையில் உன் பெரியப்பா பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு நேரே வந்து சேர்ந்தார், கையில் பஞ்சாமிர்த டப்பா. நான் குளிக்கப் போயிருந்தேன், காளிச்சாமி ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். தம்பி வெறும் வயித்தோட கத்திக்குக் கீழே போகக்கூடாது என்று டப்பாவில் முக்கால்வாசியை உங்கப்பாவின் வாயில் ஊட்டியிருக்கிறார், அண்ணன் கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜன்மம் வாங்கித் தின்றிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசல் வரை போனபிறகு அந்த டாக்டரம்மா குனிந்தவள், வாழைப்பழமும் கற்பூரமும் மணக்கிறதே, யார் என்ன கொடுத்தது என்று கேட்டாள். ஆபரேஷன் நின்றது. நினைத்துப் பார் சென்னிமலை, விரதமே இருக்கக் கூடாத மனுசனை வருஷக்கணக்கில் பட்டினி போட்டார்கள், பட்டினி இருந்தே தீர வேண்டிய அந்த ஒரே ஒரு காலையில் ஊட்டிவிட்டார்கள். இரண்டும் பாசத்தில் செய்ததுதான் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும். மறுபடி முறை வருவதற்குக் காத்திருந்தபோது ஒரு விடியலில் உங்கப்பா தூக்கத்தில் புரண்டு குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டிருக்கிறார், கண்டுபிடிப்பதற்குள் வலிப்பு வந்து வாயெல்லாம் ரத்தம். அதிலிருந்து வலது கை விரல் சொன்னபடி கேட்பதில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சில பெயர்கள் நாக்கில் வந்து நின்றுவிடுகின்றன.

இரண்டாம் தடவை உள்ளே எடுத்துப் போனதும் நானும் காளிச்சாமியும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா எங்கள் பக்கம் வரவில்லை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார், அன்றைக்கு அவர் எச்சில் கூட விழுங்காமல் விரதமாம். காளிச்சாமி ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான், வேண்டாம், பட்டினி அவருக்குப் பிடித்தது, இருக்கட்டும் என்றேன். அப்படிச் சொன்னதற்கு எனக்கு இன்று வரை வருத்தமில்லை. வெகுநேரம் கட்டி கையில் அகப்படவில்லையாம். தேடித் தேடி அமுக்க அமுக்கச் சர்க்கரை சரிந்திருக்கிறது, காகிதத்தில் நீலமே ஏறாமல் வெளுப்பாக வந்ததாம், டாக்டரம்மா கொஞ்சம் குளுக்கோஸ் ஏற்றுவாள், நிறுத்துவாள், பார்ப்பாள், பெரிய டாக்டரைக் கையை எடுக்கச் சொல்வாள், மறுபடி தேடச் சொல்வாள். கடைசியில் வால் பக்கம் பின்புறத்தில் அகப்பட்டிருக்கிறது. எடுத்தபிறகு வயிற்றை மூடாமல் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம், அந்த நீலத்துக்காக. முதல் சீட்டில் ஒன்றுமில்லை, அடுத்ததிலும் இல்லை, அதற்கடுத்ததில் லேசாக, பிறகு பளிச்சென்று. எங்கள் கையிலிருந்து ஒரு சொட்டு குளுக்கோஸ் கூடக் கொடுக்காமலே இந்த நிறம் பாருங்கள் என்று வெளியே வந்து அந்தச் சீட்டை என்னிடம் காட்டினாள். பள்ளிக்கூட இங்கி நீலம். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அப்புறம் கொஞ்ச நாள் சர்க்கரை ஒரேயடியாக ஏறி, இன்சுலினையே ஊசியாகப் போட்டார்கள். இத்தனை வருஷம் எது அதிகமாகி அவரை ரோட்டில் நிறுத்தியதோ அதையே ஊசி போட்டுக் கொடுத்தார்கள், பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் என்ன பேச்சு தெரியுமா, மெட்ராஸில் குடலை அறுத்துக் குடியை எடுத்துட்டாங்களாம் என்று. ஷாப்பு வாசலில் இரண்டு பேர் உங்கப்பாவைப் பிடித்து நிறுத்தி, ஏனுங்க, தழும்பைக் காட்டுங்க, நாங்களும் ஒருக்கா பண்ணிக்கலாமான்னு பார்க்கறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார். உன் பெரியம்மா வந்து, எப்படியோ கருப்பராயன் குடியை நிறுத்திட்டான், கெடாவெட்டு போட்டுரலாம் என்கிறாள். கட்டி என்றேன், வியாதி என்றேன், நிலக்கடலையை உள்ளங்கையில் வைத்தும் காட்டினேன். அவள் அந்தக் கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குடிச்சா கட்டி வராதா பின்னே என்று எழுந்து போனாள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. நீ கிளம்பிய அந்தக் காலை உங்கப்பாவுக்கு ஞாபகமே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் மூளையில் எதுவும் பதியாது, பிறகு மனசு தனக்குப் பிடித்த மாதிரி இட்டு நிரப்பிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னாள். அவர் ஞாபகத்தில் நீ ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய், பஸ் திரும்புகிற வரைக்கும் அவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். மெட்ராஸில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் இதைச் சொன்னார். பையன் எனக்கென்று ஒரு வரி கூட எழுதறதில்லையே, ஏன் புள்ளெ என்று கேட்டால், வேலை அதிகம் என்பேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீ எதிர்பார்த்தாய், கேட்பதற்கு அவரிடம் அந்த நாளே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்து அவரைக் கேட்க வைக்க நான் மாட்டேன். அந்தக் காலை உன்னிடமும் என்னிடமும் மட்டும்தான் இருக்கிறது, நாம் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போவோம்.

இப்போது மறுபடி உன் சங்கதி. உன் கடிதம் வந்ததும் நான் டாக்டரம்மாவுக்கு எழுதிக் கேட்டேன், அந்தப் பதிலுக்காகக் காத்திருந்துதான் உனக்கு இத்தனை தாமதம். நேற்றுப் பதில் வந்தது. பெரும்பாலும் இந்தக் கட்டி ஒருத்தரோடு போய்விடும், அபூர்வமாகச் சில குடும்பங்களில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரும், பையனுக்கு வந்தது வெறும் களைப்பாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது என்று எழுதியிருக்கிறாள். அவள் அதோடு எழுதி அனுப்பிய மருத்துவச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், அங்கே டாக்டரிடம் காட்டு. ஒன்றும் இராது என்று என் மனசு ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறது, நூறு தடவையும் நான் அதை நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னால் தவிர விரதம், ஒருபொழுது, நைட் ஷிஃப்ட் முடிந்து சாப்பிடாமல் படுப்பது எதுவும் கூடாது. ரூம் பையன்களிடம் உள்ளதைச் சொல்லிவை, மறுபடி அப்படிக் கிடந்தால் சிரிக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கட்டும், விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கட்டும். குடித்தாயா என்று கேட்டார்களே, அப்போது உனக்கு எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை, சிரித்ததாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் கேட்கவும் மாட்டேன்.

உங்கப்பாவிடம் உன் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் நேற்றுச் சாயங்காலம் படித்துக் காட்டினேன். பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். வேர்த்துக் கிடந்தான், திட்டினான், குடித்தாயா என்று கேட்டார்கள் என்பது வரைதான் படித்தேன், டீ குடித்துச் சரியானதைப் படிப்பதற்குள், அவன் குடிச்சிருக்கமாட்டான் என்றார். அங்கே நாம் பார்க்கவா போகிறோம், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள் என்று நான் வேண்டுமென்றே சொன்னேன். கையிலிருந்த பொத்தானை விட்டுவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, ஆரு சொன்னாலும் நம்பாதே புள்ளெ, அவன் என் பையன், அவனுக்கு மேலுக்கு ஏதோ சரியில்லை, கெளம்பு போய்ப் பார்த்துட்டு வரலாம் என்றார். அவ்வளவுதான். வாசம் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை, கயிறு கட்டச் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் ரெயிலில் அத்தனை தூரம் உட்கார முடியாது, தழும்பு இழுக்கிறது. சோதனை முடிவு வந்ததும் முதல் வரியில் அதை எழுது, எனக்கு இல்லை, அவர் பெயருக்கு எழுது.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் உடம்பில் எந்தக் கோளாறும் தங்கக் கூடாது, மாரியாத்தாள் உன் கூடவே நிற்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டணம் சர்க்கரை வைத்துக்கொள், மறக்காதே. கீழே கோணலாக இருப்பது அப்பா போட்ட கையெழுத்து, இடது கையால் போட்டார், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்கு விடவில்லை.

உன் அம்மா
ராமாத்தாள்

அப்பா